ஏரி விட்டு ஏரி: கனூப் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள அல்கோன்குவின் மாகாணப் பூங்காவுக்குள், கனூ என்னும் இலேசான துடுப்புப் படகில் ஏரி விட்டு ஏரி கடந்து, இரவுகளைக் காட்டிலேயே கழிக்கும் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்கள் அனுப்பிய கடிதங்களில் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்தவை என்று எழுதியிருந்தீர்கள், ஐயா. வரைபடத்தைப் பார்த்தால் பல ஏரிகளுக்கு நடுவே நிலமல்லவா தெரிகிறது? கனூ அங்கே எப்படிப் போகும்? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: அந்த இடங்களில் கனூ நம்மைச் சுமப்பதில்லை, நாம்தான் கனூவைச் சுமக்க வேண்டும். இந்தப் பயணத்தின் உயிர்நாடியே அதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இப்பகுதியின் கடினமான பாறைத்தளத்தைச் சுரண்டிப் பள்ளங்களாக்கிய பனிப்பாறைகள், ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன்னர் வடக்கே பின்வாங்கின. அந்தப் பள்ளங்களில் நீர் தேங்கி உண்டானவையே இந்த ஏரிகள். அல்கோன்குவினில் மட்டும் 2,400க்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. வன்னியில் மேற்குளம் வான்பாய்ந்து கீழ்க்குளத்தை நிரப்புவதைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். அங்கே மனிதர் அணை கட்டிச் செய்ததை இங்கே பனி செய்திருக்கிறது. ஓர் ஏரி நிரம்பி வழியும் ஓடை ஆழமாகவும் அமைதியாகவும் இருந்தால் கனூவிலேயே அடுத்த ஏரிக்குப் போய்விடலாம். ஓடை பாறைகளுக்கிடையே இறங்கினாலோ, கோடையில் வற்றிப்போனாலோ, கரையோரமாக ஒரு நடைபாதை இருக்கும். இதற்குப் போர்ட்டேஜ் என்று பெயர்; சுமத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. மஞ்சள் நிறப் பலகை ஒன்று, பாதை தொடங்கும் இடத்தையும் அதன் நீளத்தையும் ஏரியிலிருந்தே காட்டிவிடும்.

இந்த நிலம் அல்கோன்குவின் மக்களுடையது. அனிஷினாபே இனக்குழுக்களில் ஒன்றான அவர்கள், பேர்ச் மரப்பட்டையை ஸ்புரூஸ் மரத்தின் வேர்களால் தைத்து, பொருத்துகளை அம்மரத்தின் பிசினாலேயே அடைத்துக் கனூக்களைச் செய்தார்கள். ஆற்றிலும் ஏரியிலும் பாரம் ஏற்றிச் செல்லவும், பாறை குறுக்கிட்டால் தோளில் தூக்கிச் செல்லவும் ஏற்ற படகு வேறு எதுவும் இல்லை. இன்றைய கனூ கெவ்லார் என்னும் இலேசான செயற்கை இழையினால் ஆனதாக இருந்தாலும் அதன் வடிவம் அவர்கள் தந்ததே.

வரைபடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கனூ ஏரி, ஜோ ஏரி, பேர்ன்ட் ஐலண்ட் ஏரி ஆகியவற்றின் நீர் ஒக்ஸ்டங் ஆற்றின் வழியாக மேற்கே மஸ்கோகாப் பகுதிக்குச் சென்று, முடிவில் ஹியூரன் பேரேரியின் ஜோர்ஜியன் குடாவை அடைகிறது. பேர்ன்ட் ஐலண்ட் ஏரியின் மறுமுனையில் கனூவைத் தூக்கி ஒரு மேட்டைக் கடந்து லிட்டில் ஒட்டர்ஸ்லைட் ஏரியில் இறக்கினால், அந்த நீரோ பெட்டவாவா ஆற்றில் சேர்ந்து ஒட்டாவா ஆற்றை நோக்கிக் கிழக்கே ஓடுகிறது. கால் வலிக்கக் கடந்த அந்த மேடு ஒரு நீர்ப்பிரிமேடு என்பது தெரிந்துவிட்டால், அந்தப் பாதை வெறும் இடையூறாகத் தோன்றாது.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நால்வர். எல்லோரும் அலுவலக வேலை பார்ப்பவர்கள். மூன்று இரவுகள் தங்கும் முதல் பயணத்துக்கு எந்த வழி பொருத்தமானது? ஒரு நாளில் 25 கி.மீ. போகலாம் என்று கணக்கிட்டிருக்கிறோம். (வாசகர், மார்க்கம்)

பதில்: அந்தக் கணக்கைத் தயவுசெய்து கைவிடுங்கள். பாரம் ஏற்றிய கனூவில் புதியவர்கள் மணிக்கு நான்கு கி.மீ. வேகத்தில் போனாலே நல்லது. அதுவும் காற்று எதிர்க்காதபோதுதான். நேரத்தை விழுங்குவது நீர்வழியன்று, போர்ட்டேஜே. முதல் பயணத்தில் எவராலும் எல்லாப் பொருள்களையும் ஒரே நடையில் கொண்டுபோக முடிவதில்லை. ஒரு முறை சுமையோடு போய், வெறுங்கையோடு திரும்பி, மீண்டும் சுமையோடு போனால், 1 கி.மீ. பாதை 3 கி.மீ. நடையாகிவிடும். இங்க் ஏரிக்கும் டொம் தொம்சன் ஏரிக்கும் நடுவிலுள்ள 2,320 மீட்டர்ப் பாதையை இப்படிக் கடப்பவர் ஏறக்குறைய 7 கி.மீ. நடக்கிறார், அதில் முக்கால்வாசி வேரும் பாறையும் சேறும்.

எனவே நான் சொல்லும் வழி இது. 60ஆம் இலக்க நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கனூ ஏரியில் தொடங்குங்கள். அதன் வட முனையில் 295 மீட்டர் நீளமுள்ள அகலமான ஒரு போர்ட்டேஜ் இருக்கிறது. அதைக் கடந்தால் ஜோ ஏரி. அங்கிருந்து டீப்பீ ஏரி, லிட்டில்டோ ஏரி வழியாக டொம் தொம்சன் ஏரி வரைக்கும் நீரிலேயே போகலாம். இடையில் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்குகள் அணை கட்டியிருந்தால் மட்டும் இறங்கி, கனூவை அதன்மேல் இழுத்துக் கடக்க வேண்டியிருக்கும். முதல் இரவை ஜோ ஏரியிலோ டீப்பீ ஏரியிலோ கழியுங்கள். அடுத்த இரண்டு இரவுகளும் டொம் தொம்சன் ஏரியில் ஒரே இடத்தில் இருங்கள். நடுவிலுள்ள பகலில் பாரமில்லாக் கனூவில் சுற்றிப் பார்க்கலாம். பிறகு வந்த வழியே திரும்புங்கள். இது உங்களுக்குக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் முதல் பயணத்தில் களைத்துச் சோர்ந்தவர்கள் பலர் இரண்டாவது பயணத்துக்கு வருவதேயில்லை என்பதைக் கண்டிருக்கிறேன். ஆகவே இதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

அந்த ஏரிக்குப் பெயர் தந்த டொம் தொம்சன் ஓர் ஓவியர். இக்காட்டில் வழிகாட்டியாகவும் வேலை செய்தவர். கனடாவின் வடபுலத்தை இந்நாட்டு மக்கள் இன்று எப்படி மனக்கண்ணால் காண்கிறார்களோ, அதில் பெரும்பங்கு அவருடைய தூரிகைக்கு உண்டு. அவர் 1917 ஜூலையில் கனூ ஏரியில் இறந்தார். 1930இல் எழுப்பப்பட்ட நினைவுக் கற்குவியலைப் போகும் வழியிலேயே பார்க்கலாம். சற்று நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

கனூவைப் பற்றி ஒரு சொல். வாடகைக்கு எடுக்கும்போது கெவ்லார்க் கனூவையே கேளுங்கள். அது 20 கிலோ அளவில் இருக்கும். அலுமினியக் கனூ 30 கிலோவைத் தாண்டும். கனூவின் நடுவில் குறுக்கே ஒரு நுகத்தடி உண்டு. கனூவைக் கவிழ்த்துத் தூக்கி அந்த நுகத்தடியைத் தோள்களில் ஏற்றிக்கொண்டால் ஒருவரே சுமந்து நடக்கலாம். இதை வீட்டுப் புல்வெளியில் பத்து முறையாவது பழகிவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: தங்கும் இடத்துக்கு முன்பதிவு தேவையா? (வாசகர், மிசிசாகா)

பதில்: தேவை. வருகை நாளுக்கு ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் இணையத்தளத்தில் பதியலாம். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகள் விரைவில் முடிந்துவிடும். எந்த இரவில் எந்த ஏரியில் தங்குகிறீர்கள் என்றுதான் பதிவு செய்கிறீர்களே தவிர, குறிப்பிட்ட ஓர் இடத்தையன்று. ஏரியை அடைந்ததும் செம்மஞ்சள் நிறப் பலகை உள்ள இடங்களில் காலியாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பிற்பகல் இரண்டு மணிக்குள் போய்ச் சேருவது நல்லது. ஓரிடத்தில் ஒன்பது பேருக்குமேல் தங்க அனுமதியில்லை.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். உயிர்காப்பு அங்கியை அணிந்துகொண்டு துடுப்புப் போடுவது புழுக்கமாக இருக்கிறது. கனூவில் கையெட்டும் தூரத்தில் வைத்திருந்தால் போதாதா? (வாசகர், அஜெக்ஸ்)

பதில்: போதாது, தம்பி. உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் அமைதியாக இல்லை. அதனால் இந்தப் பதிலை மற்றவற்றைவிட அக்கறையோடு படியுங்கள்.

கனடாவின் சட்டப்படி, கனூவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி ஒன்று படகில் இருக்க வேண்டும். அதோடு 15 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் எறிகயிறு, நீர் இறைக்கும் கலம், விசில் ஆகியவையும் வேண்டும். சட்டம் அங்கியைக் கையெட்டும் தூரத்தில் வைக்க இடம் தருகிறது. ஆனால் கவிழ்ந்த கனூவும் அங்கியும் காற்றில் எத்தனை விரைவாக விலகிப் போகும் என்பது நீரில் கிடப்பவருக்குத்தான் தெரியும்.

இந்த ஏரிகளில் பனிக்கட்டி உருகி விலகுவதே பெரும்பாலும் ஏப்ரல் இறுதியிலோ மே மாதத் தொடக்கத்திலோதான். மே நடுவில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதும் நீர் உறைநிலைக்குச் சில பாகைகளே மேலே இருக்கும். குளிர்நீரில் உடல் படும் பாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மனிடோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் அதை 1–10–1 என்ற மூன்று எண்களில் அடக்கியிருக்கிறார். முதல் ஒரு நிமிடம், தன்னையறியாமல் மூச்சு இழுத்து இழுத்து வாங்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் நீரையே சுவாசிப்பீர்கள். அடுத்த பத்து நிமிடங்களில் கைகளும் கால்களும் படிப்படியாகச் செயலிழக்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்கும் நிலை வருவதற்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். குளிர்நீரில் இறப்பவர்களில் பலர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டுவதேயில்லை. கை கால்கள் அசையாதபோது நீச்சல் அறிவு எதற்கும் உதவாது. அங்கி அணிந்திருந்தால் மட்டுமே, அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்கு மேலே நிற்கும். உதவி வரும்வரை மிதக்கவும் முடியும்.

நீரில் விழுந்துவிட்டால் முதலில் மூச்சை நிதானப்படுத்துங்கள். பிறகு கனூவைப் பற்றிக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்தலாம் என்று எண்ண வேண்டாம். கரையை ஒட்டியே துடுப்புப் போடுங்கள், வெள்ளை நுரை தெரியும் ஏரியில் இறங்காதீர்கள் என்று நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றை எண்ணித்தான். புழுக்கத்துக்கு வழி இருக்கிறது: துடுப்புப் போடுவோருக்கென்றே தோள்பட்டை அகலமாக வெட்டப்பட்ட அங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கி, கனூவில் ஏறுமுன் போட்டு, இறங்கிய பின்னரே கழற்றுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. வடமராட்சிக் கடலில் இளமையில் வள்ளம் ஓட்டியவர். அவரையும் அழைத்துப் போகலாமா? (வாசகி, பிரம்டன்)

பதில்: தாராளமாக அழைத்துப் போங்கள், காற்றின் போக்கைப் படித்தறிந்த கண் ஒன்று குழுவில் இருப்பது பெரும் பலம். ஆனால் அவர் அறிந்த வள்ளம் வேறு, இது வேறு. கனூ இலேசானது, சுக்கான் இல்லாதது. அமரத்தில், அதாவது பின்முனையில், இருப்பவர் ஒவ்வொரு முறை துடுப்புப் போட்டு முடிக்கும்போதும் அதைச் சற்று வெளிப்புறமாகத் திருப்பித் தள்ளித்தான் திசையை நேராக்க வேண்டும். அணியத்தில், அதாவது முன்முனையில், இருப்பவர் சீராகத் துடுப்புப் போட்டால் போதும். எழுந்து நிற்கும் பழக்கத்தை மட்டும் அப்பா அடியோடு விட்டுவிட வேண்டும். அலை வந்தால் முழங்காலிட்டு அமர்வதே பாதுகாப்பு. அதற்கு ஒரு தடித்த மெத்தைத் துண்டை எடுத்துச் செல்லுங்கள். போர்ட்டேஜில் அவருக்குத் துடுப்புகளும் தண்ணீர்ப் போத்தல்களும் போதும். ஒரே போர்ட்டேஜ் உள்ள வழியைத் தேர்ந்தெடுங்கள். குழுவில் வலுவானவரைப் பார்த்தல்ல, வலுக்குறைந்தவரின் முழங்காலைப் பார்த்தே வழியை முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: நான்கு நாள் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? டின் மீனும் பாணும் கொண்டுபோனால் வேலை சுலபம் அல்லவா? (வாசகி, ஸ்காபரோ)

பதில்: டின் மீனுக்கு இடமில்லை. உணவும் பானமும் அடைத்த தகரப் பேணிகளையும் போத்தல்களையும் பூங்காவின் உட்பகுதிக்குக் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது. எரிபொருள், மருந்து, பூச்சி விரட்டி ஆகியவற்றின் கலங்களுக்கு இது பொருந்தாது. பாண் நசுங்கிவிடும், அதற்குப் பதிலாக ரொட்டியைச் சுட்டு எடுத்துச் செல்லலாம்.

நம்முடைய சமையலறை இந்தப் பயணத்துக்கு மிகவும் ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். எடை குறைந்ததும், நீர் சேர்த்தால் பெருகுவதும், சீக்கிரம் வேகுவதுமான உணவே இங்கு வேண்டும். அவல், வறுத்த ரவை, மைசூர்ப் பருப்பு, சோயாமீற், தேங்காய்ப்பால் மா, வீட்டில் இடித்த கறித்தூள் ஆகிய ஆறும் இருந்தால் நான்கு நாளும் ருசியாகச் சாப்பிடலாம். புழுங்கல் அரிசி வேக அதிக நேரமும் எரிபொருளும் ஆகும். அதை வீட்டிலேயே வேகவைத்து, உலர்த்தும் கருவியில் காயவைத்துக் கொண்டுபோனால் கொதிநீரில் சில நிமிடங்களில் சோறாகிவிடும். சாம்பாரையும் இப்படிக் காயவைக்கலாம். முதல் நாள் இரவுக்கு மட்டும், சமைத்த கோழிக்கறியை உறையவைத்து இரட்டைப் பைகளில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். ஏரிக்கரையில் கூடாரம் அடித்து முடிக்கும் வேளையில் அது இளகியிருக்கும். கருவாட்டையும் மாசியையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அவற்றின் வாசம் கரடிக்கு அழைப்பாகிவிடும்.

தங்குமிடத்தில் கல்லடுக்கி அமைத்த தீக்குழி இருக்கும். ஆயினும் வறண்ட கோடையில் தீமூட்டத் தடை வரலாம் என்பதால் சிறிய வாயு அடுப்பு ஒன்று அவசியம். ஏரி நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வடிகட்டியோ, ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தோ குடியுங்கள். பீவர் வாழும் நீரில் ஜியார்டியா என்னும் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். பாத்திரம் கழுவுவதைக் கரையிலிருந்து எழுபது காலடிகள் தள்ளிப்போய்ச் செய்யுங்கள். இயற்கைச் சவர்க்காரம் என்றாலும் ஏரிக்குள் கலக்கக்கூடாது.

கேள்வி: கரடி வந்தால் என்ன செய்வது? (வாசகி, ஒட்டாவா)

பதில்: அங்கே இருப்பவை கருங்கரடிகள். பெரும்பாலும் மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். உணவின் ருசி கண்ட கரடிதான் திரும்பத் திரும்ப வரும். எனவே கூடாரத்துக்குள் பற்பசை உட்பட மணமுள்ள எதையும் வைக்காதீர்கள். குழந்தையின் சட்டைப்பையில் கிடக்கும் பிஸ்கட்டையும் தேடி எடுத்துவிடுங்கள். எல்லா உணவையும் ஒரு பீப்பாயிலோ பையிலோ போட்டு, கூடாரத்திலிருந்து தொலைவில், தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளியும் கயிற்றில் தொங்கவிட வேண்டும். இருட்டுமுன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். அதைப் பார்த்தபடியே உரக்கப் பேசிக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து மகனைப் பார்க்க வருகிறோம். மே மாதமா, செப்டம்பரா, எது நல்லது? (வாசகர், சென்னை)

பதில்: செப்டம்பர். மே நடுவிலிருந்து ஜூன் இறுதிவரை கறுப்பு ஈக்கள் காதோரத்தையும் பின்கழுத்தையும் கடித்துப் புண்ணாக்கும். அவற்றைத் தொடர்ந்து நுளம்பு வரும். செப்டம்பரில் இரண்டும் ஓய்ந்திருக்கும். மாதக் கடைசியில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும் கரைகளின் நிறம் நீரில் விழுவதை ஒரு முறை கண்டவர் மறக்கமாட்டார். ஆனால் இரவில் வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கும் என்பதால் நல்ல உறக்கப் பையும் கம்பளித் தொப்பியும் வேண்டும்; பருத்தி ஆடை நனைந்தால் உடற்சூட்டை இழுத்துவிடும் என்பதால் அதைத் தவிருங்கள். இரவில் நெடுந்தூரம் கேட்கும் ஓலம் ஓநாயினுடையதாக இருக்கலாம்; ஆனால் பெரும்பாலும் அது லூன் என்னும் நீர்ப்பறவையின் குரல். இந்நாட்டின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருப்பது அந்தப் பறவைதான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருந்து திரும்ப முடியாவிட்டால், திங்கட்கிழமை வேலைக்கு எப்படிப் போவது? அங்கே தொலைபேசியும் வேலை செய்யாதாமே? (வாசகர், மார்க்கம்)

பதில்: வேலைக்குப் போக முடியாது, அதை முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். திட்டத்தில் ஒரு நாள் உபரியாக இருக்கட்டும். ஒரு நாளுக்கான அவலும் பருப்பும் மேலதிகமாக இருக்கட்டும். உட்பகுதியில் பெரும்பாலான இடங்களில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியை வாடகைக்கு எடுக்கலாம். எந்த இரவில் எந்த ஏரியில் இருப்பீர்கள், எந்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஒப்பியோங்கோவில் நாங்கள் அறுவர் இப்படி மாட்டிக்கொண்டோம். காலை பத்து மணிக்கே அலைகள் நுரைக்கத் தொடங்கிவிட்டன. எங்களில் இருவருக்கு மறுநாள் வேலை. கடந்துவிடலாம் என்று அவர்கள் வாதாடினார்கள். மூத்தவர் ஒருவர், கனூக்களைக் கரைமேல் இழுத்துக் கவிழ்த்து வைத்து, மரத்தோடு கட்டிவிட்டார். அன்று முழுவதும் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டு, அலையைப் பார்த்தபடி இருந்தோம். மாலையிலும் காற்று தணியவில்லை. விடியற்காலை நான்கரை மணிக்கு அவர் எங்களை எழுப்பியபோது ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. தேநீருக்காகக்கூட நிற்காமல் கூடாரங்களைச் சுருட்டினோம். சூரியன் மரங்களுக்கு மேலே வருமுன் மறுகரையில் இறங்கிவிட்டோம். நாங்கள் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஏரியில் மீண்டும் வெள்ளை நுரை எழத் தொடங்கியது.